ஆலையாக நடித்தவள்

ஷத் ரும்மான்
மார்ச் 3

உமைமா,

ஸலாம் சொல்லித் தொடங்க மனம் வரவில்லை. அதனால் சொல்லவில்லை. உன் எண்ணை என் போனில் முடக்கி வைத்திருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன், கத்தினால் நீ அழுவாய், நீ அழுதால் நானே உன்னைத் தேற்றத் தொடங்கிவிடுவேன். கல்லூரியிலிருந்தே அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. இந்த முறை நடக்காது. அதனால்தான் துனிஸ் போகிற லுவாஜ் வாடகை வண்டியில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். வண்டி ஓட்டுவது நம் ஷாதுலி மாமா. "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல போன் பழுதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நம்பவில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

நம் பள்ளிக் காலநிலை மன்றத்தில் பிள்ளைகள் நடத்திய விளையாட்டு வழக்கை நீ தலைநகரில், உன் அறக்கட்டளைக் கூட்டத்தில், ஓட்டல் மண்டபத்தில், திரை கட்டிக் காட்டியிருக்கிறாய். உன் போனில் அந்தப் படம் எதற்காக எடுத்தது? மற்ற ஊர்களில் மன்றம் நடத்தப்போகும் புது ஆசிரியர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க. அவர்களுக்கு மட்டும். பள்ளிக்கூட வாசலில் நின்று நீயும் நானும் பேசி முடித்த விஷயம் இது.

ஆட்டத்தில் கடல் வழக்குத் தொடுத்தது. பேரீச்சந்தோப்பு சாட்சி. உர ஆலையாக நடிக்க மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. ரிஹாப்தான் கையைத் தூக்கினாள். வேஷம் போட்டால் அந்த வேஷத்தின் மனசிலிருந்து பேச வேண்டும் என்பது நான் வைத்த விதி. அவள் ஓடிப்போய் அப்பாவின் பழைய மஞ்சள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்தாள். வயிற்றை முன்னால் தள்ளி, கட்டை விரலைக் கவசத்தின் வாரில் செருகிக்கொண்டு பேசினாளே, நினைவிருக்கிறதா? "மதிப்புக்குரிய பெருமக்களே! ஓட்டல்கள் பக்கம் காத்து அடிக்கும்போது நான் புகை விடுவேனா? நான் என்ன முட்டாளா? ஷத் ரும்மான் பக்கம் திரும்பட்டும், அப்பத் திறப்பேன். அந்த ஊர்க்காரன் என் ரொட்டியத் தின்னுறான். இருமுனாலும் மெதுவாத்தான் இருமுவான்." நீதிபதியாக இருந்த அன்வர் செருப்பால் மேசையைத் தட்ட மறந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்தப் பேச்சு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாதா? அவள் அப்பா லஸாத் அந்த ஆலையில் வால்வு திறந்து மூடுகிறவர். வெளியே ஒரு வார்த்தை பேசாத மனிதர். வேலை முடிந்து வந்து குஸ்குஸ் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்தால்தான் வாய் திறக்கும். மேலதிகாரி மாதிரி நடித்துக் காட்டுவார், பிள்ளைகள் சிரிப்பார்கள்.

புதன்கிழமை ஆலை வாசலில் அவருடைய வேலை அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ரிஹாப் பள்ளிக்கு வருவதில்லை. நீ வந்து அந்த வீட்டில் நின்று பதில் சொல். படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடு.

விஸால்

துனிஸ்
மார்ச் 7

அன்புள்ள விஸாலுக்கு,

நான் ஸலாம் சொல்கிறேன். நீ வாங்கிக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

உன் கடிதத்தை அலுவலகக் கழிப்பறையில் நின்று படித்தேன். நீ சொன்னபடியே அழுதேன். சந்தோஷம்தானே?

நடந்ததைச் சொல்கிறேன். அது மூடிய அரங்கு. அழைக்கப்பட்டவர்கள் மட்டும்தான். யாரோ ஒரு புண்ணியவான் திரையைத் தன் போனில் எடுத்துப் பரப்பிவிட்டான். எங்கள் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். ஊர் முழுக்கப் போனதை நான் எப்படிப் பொறுக்கி எடுப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீ கோபப்படுவாய். நாலு வருஷமாக நாம் இதே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். குழந்தைகளின் இருமல், கறுத்த கடல், மீனில்லாத வலை. ஒவ்வொரு கூட்டத்திலும் காபி குடித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். ரிஹாப் பேசும்போது ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை. அமைச்சகத்திலிருந்து வந்த அம்மாள் மறுபடி போடச் சொன்னார். அந்த ஒரு நிமிஷம், நாம் இந்த வேலைக்கு வந்தது வீண் இல்லை என்று நினைத்தேன். அது தப்பா?

அந்த வேஷத்தை அவளுக்குக் கொடுத்தது நான் இல்லை, விஸால். அப்பா ஆலையில் வேலை செய்கிறார் என்று தெரிந்தும் கொடுத்தது நீ. நான் போனை இறக்கப் போனபோது "நிறுத்தாதடி, எடு" என்று சொன்னதும் நீதான். பழியைப் பங்கு போட வேண்டுமென்றால் தராசை நடுவில் வை.

எங்கள் இயக்குநர் ரிஹாபை ஜூன் மாத இளையோர் மாநாட்டுக்குக் கூப்பிடச் சொல்கிறார். 'துணிச்சல் சிறுமி' என்று ஒரு அமர்வு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாம். கேட்டுப் பார்க்கிறாயா?

உனக்குப் பிடித்த பாதாம் இனிப்பு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

உமைமா

ஷத் ரும்மான்
மார்ச் 12

உமைமா,

இனிப்புப் பெட்டி திரும்பி வருகிறது. குறைந்திருந்தால் ஷாதுலி மாமாவைக் கேள். நான் தொடவில்லை.

துணிச்சல் சிறுமியாம். அவள் என்ன துணிந்தாள்? விளையாடினாள். துணிச்சல் எதற்கு வேண்டும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது, அதனால்தான் அவ்வளவு அழகாக நடித்தாள். இப்போது தெரியும். தலைக்கவசத்தை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாளாம், அவள் அம்மா நஜ்லா சொன்னாள்.

நான் அந்த வீட்டுக்குப் போனேன். நீ வரவில்லை, நான்தான் போனேன். லஸாத் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ரிஹாபைக் கூப்பிட்டு எனக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். அவள் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். அப்புறம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "என் பொண்ணு பொய் சொல்லல டீச்சர். அதான் பிரச்ன." தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஊர் எங்களுக்கு ஆதரவாகத் திரளும் என்று உன் அரங்கில் நினைத்திருப்பார்கள். கேட்டுக்கொள். லஸாத்தோடு வேலை பார்த்தவர்கள் தெருவில் அவரைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுப் பேச்சை வெளியே விட்டவன் என்று பெயர். அடுத்த தெருவில் கல்யாணம், மருதாணி இரவுக்கு நஜ்லாவை மட்டும் அழைக்கவில்லை. நஞ்சைக் கக்குகிற ஆலையோடு யாருக்கும் சண்டை இல்லை, அதைச் சொன்ன குழந்தையோடுதான் சண்டை. இந்த ஊரிலேயே பிறந்து, இதே காற்றைக் குடித்து வளர்ந்தவள் நான். எனக்கே இவர்கள் எல்லோரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். மன்றத்தை மூடச் சொல்லவில்லை, நல்ல மனிதர். ஒவ்வொரு வகுப்பின் கடைசியிலும் உங்கள் அறக்கட்டளை வைக்கச் சொன்ன 'நம்பிக்கை வேளை' இருக்கிறதே, அதை மட்டும் நடத்தினால் போதுமாம். மரம் நடுவது, குழாயை மூடுவது, பல் துலக்கும்போது தண்ணீர் சிந்தாமல் இருப்பது. தண்ணீர் முழுக்க ஆலைக்குப் போகிற ஊரில் பல் துலக்குவதில் மிச்சம் பிடிக்கக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தராசைப் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், வேஷத்தைக் கொடுத்தது நான். 'எடு' என்றதும் நான். அதை எனக்குச் சொல்லிக்காட்ட உனக்கு உரிமை உண்டு. என்னோடு அந்த வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்திருந்தால் முழு உரிமையும் இருந்திருக்கும்.

விஸால்

துனிஸ்
மார்ச் 19

விஸால்,

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மூன்று முறை கிழித்துப் போட்டேன். நேராகவே சொல்கிறேன்.

ஆலைக்காரர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். நல்ல கோட்டு, நல்ல வாசனை. ஏப்ரலில் உங்கள் பள்ளியில் மரம் நடும் விழா நடத்தப்போகிறார்களாம். எங்கள் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்த வேண்டுமாம். அந்த மேடையில் ரிஹாப், தான் பேசியது எல்லாம் சொந்தக் கற்பனை என்று வாசிக்க வேண்டும். வாசித்தால் லஸாத்துக்கு அட்டை திரும்பக் கிடைக்கும். எங்கள் இயக்குநர் தலையாட்டினார். 'துணிச்சல் சிறுமி' என்று குதித்தாரே, அதே இயக்குநர்தான். நான் அவரைப் பார்த்தேன், அவர் மேசையிலிருந்த செடியைப் பார்த்தார்.

இதற்கு மேல்தான் விஷயம். அந்த உரையை எழுதப்போவது யார் தெரியுமா? "குழந்தைகளின் மொழி உமைமாவுக்குக் கைவந்த கலை" என்றார் இயக்குநர். குழந்தை பேசுவது போல, இயல்பாக, கண்ணில் நீர் வருகிற மாதிரி எழுத வேண்டுமாம். நாலு வருஷம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து நான் கற்றது இதற்குப் பயன்படும் என்று யார் நினைத்தார்கள்?

வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் தோன்றியது: நான் எழுதாவிட்டால் அவர்கள் ஆள் ஒருவன் எழுதுவான். அவன் எழுதினால் அவள் அழுதபடி மன்னிப்புக் கேட்பதாகத்தான் எழுதுவான். நான் போய்விட்டால் என் கை சுத்தம், அவ்வளவுதான்.

இதை நீயும் நானும் முடிவு செய்ய முடியாது. அந்த வீட்டைக் கேள். அவர்கள் வேண்டாம் என்றால் மறுநாளே வேலையை விட்டு ஊருக்கு வருகிறேன். என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு, ஆனால் சீக்கிரம் பதில் போடு.

உமைமா

ஷத் ரும்மான்
மார்ச் 23

உமைமா,

நான் போய்க் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. நஜ்லாவே என் வீட்டுக்கு வந்தாள். ஆலைக்காரர்கள் அவளிடம் முந்திக்கொண்டார்கள்.

கதவைத் திறந்ததும் உள்ளே வராமல் நின்றபடியே சொன்னாள். "வாசிக்கச் சொல்லிக் குடு விஸால். தடுமாறாம வாசிக்கணும். நீதானே நடிக்கச் சொல்லிக் குடுத்த, இதையும் நீயே சொல்லிக் குடு." என் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. உண்மையைப் பொய் என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "உண்மைய வச்சு நான் என்னத்த சமைக்க?" என்றாள்.

லஸாத் வேண்டாம் என்றாராம். வாசிக்கிறேன் என்று சொன்னது ரிஹாப்தானாம். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம் அவளுக்கு.

எழுது. உன்னைத் திட்டக்கூட எனக்குத் தெம்பு இல்லை, எழுது. ஆனால் ஒன்று. அவள் தன் வாயால் தன்னைப் பொய்க்காரி என்று சொல்லிக்கொள்கிற மாதிரி எழுதினாய் என்றால், நீ இந்த ஊர்ப்பக்கம் தலை வைத்துப் படுக்காதே. அதெப்படி முடியும் என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. நீதானே மொழியில் கெட்டிக்காரி.

விஸால்

துனிஸ்
ஏப்ரல் 2

விஸால்,

உரை இத்துடன். எனக்குச் சொன்னது குழந்தை மாதிரி எழுத. முடியவில்லை. ஒவ்வொரு வரியும் ரிஹாபின் குரலில் வந்தது, வந்ததும் என் கை நின்றது.

அப்புறம் வேறு மாதிரி எழுதினேன். ஆலைக்காரர்களுக்கு அனுப்பினேன். கொஞ்சம் கனமாக இருக்கிறதே, குழந்தைக்குப் பொருந்துமா என்று இயக்குநர் இழுத்தார். ஆலைக்காரர்களுக்கோ ரொம்பப் பிடித்துவிட்டது. கண்ணியமான நடை என்றார்கள். பிடிக்காமல் என்ன செய்யும்? அவர்களே பேசுகிற நடைதானே அது.

ஒரு சொல்லைக்கூட மாற்றாதே. சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம். அவள் கையில் கொடு, போதும்.

உமைமா

ஷத் ரும்மான்
ஏப்ரல் 16

உமைமா,

உரையைப் படித்ததும் உன்னைச் சபித்தேன். 'காற்று எத்திசையில் வீசினும் இவ்வூரின் நலனே முதற்கண் கவலையாகும்' என்று எந்தக் குழந்தையடி பேசும்? பைத்தியம் பிடித்துவிட்டது உனக்கு என்று நினைத்தேன். ஆனாலும் நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டு ரிஹாபிடம் கொடுத்தேன். முதல் வரியைப் படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தாள்.

விழா நேற்று நடந்தது. பந்தல், பூவரிசை, கன்றுகள், உங்கள் அறக்கட்டளையின் பச்சைப் பதாகை. முன்வரிசையில் கோட்டுக்காரர்கள். பின்னால் ஊர். லஸாத் கடைசியில், சுவர் ஓரம். உன்னை இரண்டு முறை தேடினேன். நீ வரவில்லை. எனக்கு ஆச்சரியமும் இல்லை.

ரிஹாப் மேடை ஏறினாள். தலையில் ஒன்றும் இல்லை. காகிதத்தை விரித்தாள். வயிற்றை முன்னால் தள்ளினாள். கட்டை விரலைத் தாடைக்குக் கீழே, இல்லாத வாரில் செருகிக்கொண்டாள். "மதிப்புக்குரிய பெருமக்களே!" என்றாள். ஆலையாக நடித்த அதே குரல்.

பிள்ளைகள் வரிசையில் ஒரு சலசலப்பு ஓடியது. அவள் ஒரு சொல்லை விடவில்லை, ஒரு சொல்லைக் கூட்டவில்லை. 'என்னைப் பற்றிக் கூறப்பட்டவை யாவும் கற்பனையே' என்று ஆலை சொன்னது. 'இவ்வூர் மக்கள் என் பிள்ளைகளைப் போன்றவர்கள்' என்று ஆலை சொன்னது. சொல்லிவிட்டு, காகிதத்தில் இல்லாத ஒன்றைச் செய்தாள். மெதுவாக, மரியாதையாக, வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். அன்வர் காலிலிருந்து செருப்பைக் கழற்றிப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினான். சிரிப்பு பிள்ளைகளிடம் தொடங்கிப் பெண்கள் பக்கம் போனது. மருதாணிக்கு அழைக்காத அந்த வீட்டுக்காரி முக்காட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள், தோள்கள் மட்டும் ஆடின. கோட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். ஊர் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். பிறகு புரிந்திருக்கும், ஆனால் எதைக் குற்றம் சொல்வது? அவர்கள் ஒப்புக்கொண்ட உரை. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

கீழே இறங்கியதும் அவளைக் கட்டிக்கொண்டேன். "வேஷம் போட்டா அதோட மனசுலேர்ந்து பேசணும்னு நீங்கதானே சொன்னீங்க மிஸ்" என்றாள்.

இங்கேயே முடித்தால் உன் அரங்கில் சொல்ல நல்ல கதை. மீதியையும் கேள்.

இன்று காலையில் லஸாத்துக்கு அட்டை வந்துவிட்டது. வேலைக்குப் போய்விட்டார். அதே வால்வு, அதே காற்று. சாயங்காலம் அந்த வாடை ஊருக்குள் வந்தது, எல்லோரும் ஜன்னலைச் சாத்தினோம். ரிஹாப் மன்றத்துக்கு வந்தாள். சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்து, அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் காலணியால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றாள்.

"அப்பா இப்பல்லாம் சாப்பிடும்போது பேசுறதில்ல மிஸ். என்னைப் பாக்குறாரு, அப்புறம் தட்டைப் பாக்குறாரு."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. ஆலையின் மேலா, ஊரின் மேலா, உன் மேலா, என் மேலா? அந்த வீட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் அந்த மனிதர் சுதந்திரமாகப் பேசினார். அதை எடுத்துக்கொண்டுபோய்த் திரையில் போட்டோம். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

நீ எழுதிய உரை புத்திசாலித்தனமானது. அதற்காக உன்னைப் பாராட்டுகிறேன், மன்னிக்கவில்லை. உன் எண்ணைத் திறந்து விட்டிருக்கிறேன். ஆனால் போன் பண்ணாதே.

வெள்ளிக்கிழமை நஜ்லா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். குஸ்குஸ். உனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். ஷாதுலி மாமா வண்டியில் உனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார். வா. அந்தத் தட்டைச் சுற்றி எங்களோடு உட்கார். லஸாத் பேசாமல் சாப்பிடுவதை நீயும் பார்.

விஸால்